இரண்டாம் வாசகர்

அம்மா வேலை பார்த்த துறை அவருக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறது. நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார் துறைத் தலைவர். அவர் அம்மாவிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். தொலைபேசியில் பேசும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்.

"அந்தத் திருத்த விஷயம் மட்டும் வேண்டாம் தம்பி. மேடம் முப்பது வருஷம் உழைச்சிருக்காங்க. ஒரு தப்பை வச்சு அவங்களை யாரும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்."

சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அதை விட்டுவிட்டு எழுத எனக்கு உரிமை இல்லை என்று புரிந்தது. அந்தத் தப்பு அவருடையதல்ல, என்னுடையது. அப்படி யாராவது அச்சில் சொல்லாதவரை அது அவர் பெயரிலேயே இருக்கும். சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். நடந்ததை வரிசையாகச் சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

அம்மா அஞ்சல்வழிக் கல்விப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சடித்த பாடங்களை உறையில் போட்டு அனுப்புவார்கள். மாணவர்கள் விடைத்தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பாதிப் பேர் அனுப்ப மாட்டார்கள். சிலர் பெயரை மட்டும் எழுதி வெறும் தாளை அனுப்புவார்கள். அலுவலகத்தில் அதற்குக் 'குப்பை' என்று பெயர். அம்மா அந்த வெறும் தாள்களை ஒரு அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்தார்.

"ஒண்ணுமே எழுதாத ஆள் எதுக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பணும்?" என்று பிரிவு எழுத்தரிடம் கேட்டாராம்.

"அது அவங்க பிரச்சினை மேடம்."

"இல்ல, அது என் பிரச்சினை."

பிறகு ஒலிநாடா வந்தது. அதன்பின் பத்துக் கணினிகளும் ஒரு தொலைபேசி இணைப்பும் கொண்ட ஓர் அறை வந்தது. அந்த அறையிலிருந்து நடத்திய முதல் இணைய வகுப்பில் முப்பத்தெட்டு மாணவர்கள். நான்கு பேர் கலந்துரையாடல் பக்கத்தில் எழுதித் தள்ளினார்கள். மீதி முப்பத்துநான்கு பேர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். சக ஆசிரியர்கள் அவர்களைத் 'தூங்குமூஞ்சிகள்' என்றார்கள். அம்மா அந்த முப்பத்துநான்கு பேரைப் பற்றித் தன் முனைவர் பட்ட ஆய்வை எழுதினார்.

அவர் துறைக்கு வலைப்பின்னல்வழிக் கற்றல் என்று பெயர். மருந்துக்கடை வைத்திருந்த என் அப்பா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அதற்கு விளக்கம் கேட்டார்.

"ஒரு வகுப்புல நாற்பது பேர்னு வைங்க" என்றார் அம்மா. "டீச்சர் இல்லாதப்பவும் ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் கத்துக்கறாங்க. அது எப்படி நடக்குதுன்னு பாக்கறேன்."

"பரீட்சை ஹால்ல அதுக்குப் பேரு காப்பி அடிக்கறது."

"அதுவும் கற்றல்தான். யாரைப் பார்த்து அடிக்கணும்னு தெரிஞ்சிருக்கே."

அவர் வேலை செய்த முறை ஒன்றைச் சொல்ல வேண்டும், பின்னால் வருவது அதனால்தான் புரியும். மாணவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்படிப் படிக்கிறீர்கள் என்று பேச வைப்பார். பேச்சைப் பதிவு செய்து, தானே தட்டச்சு செய்வார். ஒரு சொல்லையும் திருத்த மாட்டார். பேசாமல் இருந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு 'நான்கு வினாடி' என்று எழுதுவார். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு மணி நேரத் தட்டச்சு.

"ஊர்ல இருக்கறவன் பேசாம இருந்த நேரத்தை எல்லாம் அளக்கறா உங்கம்மா" என்பார் அப்பா. "என்னைப் பேச விட்டாத்தானே என்னை அளக்க?"

அப்பா இறந்த மறுவருடம் அம்மா தன் பெரிய ஆய்வைத் தொடங்கினார். இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்களின் பேட்டிகள். படிப்பை முடித்தவர்கள் என்ன செய்தார்கள், விட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதே ஆய்வின் கேள்வி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குறி இட வேண்டும். வாசித்தல், எழுதுதல், வினவுதல், செவிமடுத்தல், இன்னும் சில. வாக்கியங்கள் மொத்தம் பத்தொன்பதாயிரம். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப ஆறு வாரம் இருந்தது.

"ரெண்டு பேரை வச்சுப் படிக்கலாம்னு பாத்தேன். முடியாது போலிருக்கு" என்றார்.

"ஒரு நிரல் எழுதித் தர்றேன்மா. பத்து நிமிஷத்துல எல்லாத்துக்கும் குறி போட்டுடும்."

"தப்பாப் போட்டா?"

"போடாது."

நிரல் எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சொற்களின் பட்டியல் ஒன்று, அதற்கு நேராகக் குறிகளின் பட்டியல் ஒன்று. 'படித்தேன்' என்றால் வாசித்தல். 'எழுதினேன்' என்றால் எழுதுதல். 'கேட்டேன்' என்றால் வினவுதல். அந்த வரியை எழுதியபோது என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நாள் முழுக்க அலுவலகத்தில் ஆங்கிலத்தில் யோசிக்கிறவன் நான். அடைப்புக்குறிக்குள் இருந்த மௌனங்களையும் நிரல் நீக்கியது. எனக்கு அவை தூசி.

இதுவரை நடந்தது பிழை. பிழை யாருக்கும் வரும். அதைப் பிடிக்க அம்மா ஒரு வழியும் வைத்திருந்தார். அந்த வழியை அடைத்தவனும் நானே.

இருநூறு வாக்கியங்களைக் குலுக்கி எடுத்து, ஒரு மனிதர் தனியாகப் படித்துக் குறியிட வேண்டும். நிரலின் குறிகளும் மனிதரின் குறிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஓர் எண் கணக்கிடுவார்கள். ஒன்று என்றால் முழு உடன்பாடு. நிரலை முதல் வாசகர் என்றும் அந்த மனிதரை இரண்டாம் வாசகர் என்றும் கட்டுரையில் குறிப்பிடுவது வழக்கம்.

"நான் படிக்கக் கூடாது" என்றார் அம்மா. "எனக்கு அவங்க குரல் ஞாபகம் இருக்கு. எழுத்துல இல்லாததும் எனக்குத் தெரியும். பேட்டி எடுக்காத ஆள்தான் படிக்கணும். நீ படிச்சுத் தர்றியாடா?"

"தர்றேன்."

"நிரல் என்ன குறி போட்டுச்சுன்னு பாக்காமப் படி. ஒண்ணொண்ணா."

அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு மென்பொருள் வெளியீடு இருந்தது. தலைக்கு மேல் வேலை. ஆனால் அது சப்பைக்கட்டு. இருநூறு வாக்கியம் மூன்று மணி நேர வேலை. அதற்கு நேரம் இருந்தது. அம்மாவின் வேலையை நான் வேலையாக மதிக்கவில்லை என்பதே உண்மை. யாரோ நாலு பேர் போனில் பேசியதைத் தட்டச்சு செய்வது என்ன விஞ்ஞானம் என்று நினைத்திருந்தேன். இதை என் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

நிரலின் குறிகளை அப்படியே இரண்டாம் வாசகரின் பத்தியில் ஒட்டினேன். எல்லாம் ஒத்துப்போனால் சந்தேகம் வரும். பதினான்கு இடங்களில், எந்த வாக்கியம் என்று பார்க்காமல், குறியை மாற்றினேன். உடன்பாடு 0.91 என்று வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

கட்டுரை வெளிவந்தது. அதன் முடிவு எளிமையானது. வினவுகிற மாணவர்கள் படிப்பை முடிக்கிறார்கள். மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற பகுதியில் 'பொறுமையாக வாசித்த இரண்டாம் வாசகருக்கு' என்று ஒரு வரி இருக்கிறது.

பல ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. மாணவர்கள் அவரைக் 'கேள்வி மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகம் ஒரு விதி கொண்டுவந்தது. கலந்துரையாடல் பக்கத்தில் வாரம் ஒரு கேள்வி எழுத வேண்டும். அதற்கு இருபது மதிப்பெண். அத்தனை வருடம் தூங்குமூஞ்சிகளுக்காக வாதாடியவரின் கட்டுரையை வைத்து, தூங்குமூஞ்சிகளுக்குத் தண்டனை போட்டார்கள். அம்மாவுக்கு அது உறுத்தியது. ஆனால் எண்கள் அப்படித்தானே சொல்கின்றன என்றார்.

கேள்விகள் குவிந்தன. 'மேடம், நலமா?' என்பது ஒரு கேள்வி. 'இந்தப் பாடம் எத்தனை பக்கம்?' என்பது இன்னொன்று. ஒருவர் ஒவ்வொரு வாரமும் 'இந்த வாரம் கேள்வி கேட்க வேண்டுமா?' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்.

இரண்டாம் வருடம் ஒரு மாணவர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். ஐம்பது வயது. பரீட்சையில் தேறியும், அந்த இருபது மதிப்பெண் இல்லாமல் தோற்றுப்போயிருந்தார். அம்மா வழக்கம்போலப் பேச்சைப் பதிவு செய்தார். அதனால் அதை அப்படியே தர முடிகிறது.

"நான் தினமும் கேட்டேன் மேடம்."

"பதிவுல உங்க பேர்ல ஒண்ணும் இல்லையேங்க. என்ன கேட்டீங்க?"

"பாடம்தான் மேடம்."

"பாடத்துல என்ன கேட்டீங்க?"

"பாடத்தையே கேட்டேன் மேடம். காதுல. ஒரு காதுல பாடம், இன்னொரு காதுல ஜனங்க மாடி நம்பர் சொல்றது. ஒவ்வொரு பாடத்தையும் நாலு தடவை, அஞ்சு தடவை கேட்டேன். கேக்காம எப்படி மேடம் பரீட்சை எழுதினேன்?"

அதன்பின் பதிவில் பதினொரு வினாடி ஒன்றும் இல்லை.

அன்று மாலையே அம்மா பேட்டிகளை எடுத்து 'கேட்டேன்' வரும் வாக்கியங்களை மட்டும் படிக்கத் தொடங்கினார். மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் இருந்தன. 'சார்கிட்ட கேட்டேன்' இருந்தது, அது வினா. 'பஸ்ல போகும்போது கேட்டேன்' இருந்தது, அது ஒலிப்பாடம். 'பக்கத்து வீட்டுல போன் இரவல் கேட்டேன்' இருந்தது. ஒரு பெண் சொன்னது இது: 'வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டேன், படிப்பை விட்டுட்டேன்.' என் நிரல் அதற்கும் வினவுதல் என்று குறியிட்டிருந்தது. முக்கால்வாசிக்கு மேல் காதால் கேட்டவைதான். படிப்பை முடித்தவர்கள் திரும்பத் திரும்பப் பாடத்தைக் கேட்டவர்கள். வாயே திறக்காதவர்கள்.

தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் பத்து வாக்கியம் படித்திருந்தால் போதும், பிழை தெரிந்திருக்கும். இருநூறு வாக்கியங்களை ஓர் ஆள் படித்ததாகக் கட்டுரை சொல்கிறது.

மூன்றாம் நாள், நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அந்த இருநூறு வாக்கியம், படிச்சியாடா?"

"எந்த இருநூறு?"

"எனக்குப் படிச்சுத் தந்தியே."

"படிச்சேம்மா."

"ஒண்ணொண்ணா?"

"ஆமாம்மா. ரெண்டு மூணு நாள் ஆச்சே."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காலணியின் கயிற்றைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"சரி, போய்ட்டு வா" என்றார்.

அடுத்த மாதம் ஆய்விதழில் திருத்த அறிவிப்பு வந்தது. முதல் முடிவு தவறானது என்றும், குறியீடும் அதன் சரிபார்ப்பும் தன் கவனக்குறைவால் பிழையாயின என்றும், வேறு எவருக்கும் இதில் பொறுப்பில்லை என்றும் அம்மா எழுதியிருந்தார். விதியை நீக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதினார். நீக்க ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டார்கள். குழுக்களிலிருந்து அவரை நீக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. ஒரு மாநாட்டில் அவருடைய உரை ரத்தானது. உணவகத்தில் ஓர் இளைய ஆசிரியர், "மேடம், ஒண்ணு கேக்கலாமா? எந்தக் கேக்கலாம்னு நீங்களே குறி போட்டுக்குங்க" என்றாராம். அம்மா சிரித்ததாகத் துறைத் தலைவர் என்னிடம் சொன்னார். வீட்டில் இதைப் பற்றி அம்மா வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்: நிம்மதியாக இருந்தது.

ஓய்வுபெறும்வரை மூன்று வருடம் அவர் பத்தொன்பதாயிரம் வாக்கியங்களையும் கையால் படித்துக் குறியிட்டார். இரண்டாம் வாசகராகத் துறைத் தட்டச்சரைப் பழக்கினார். அந்த அம்மையார் உண்மையாகவே படித்தார். அதிலிருந்து வந்த கட்டுரை, பேசாத மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றியது. நான் இப்போதுதான் அதைப் படித்தேன். நான் படித்த எந்தத் தொழில்நுட்பக் கட்டுரையைவிடவும் அது கவனமாகச் செய்யப்பட்டது. அதை மேற்கோள் காட்டியவர்கள் ஒன்பது பேர். பழைய பிழையான கட்டுரையை இன்றும் காட்டுகிறார்கள், நானூறு பேருக்கு மேல்.

பிறகு நோய் வந்தது. நான்கு மாதம். மருத்துவமனையில் ஒருநாள் ஆரம்பித்தேன்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்."

"ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசினோம். மறுபடி ஆரம்பிக்கவில்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன், இல்லை.

அவர் கணினியைத் துறைக்கு ஒப்படைப்பதற்காகக் கோப்புகளைப் பிரித்தபோது, இரண்டாம் வாசகரின் கோப்பு கிடைத்தது. குறியிடும் கருவியை அம்மாவுக்காக நானே செய்து கொடுத்திருந்தேன். ஒவ்வொரு குறியும் எந்த நொடியில் இடப்பட்டது என்று அது பதிந்து வைக்கும். நூற்று எண்பத்தாறு குறிகள் ஒரே நொடியில். மீதிப் பதினான்கும் அடுத்த இரண்டு நிமிடத்தில். மாணவர்கள் எந்தப் பக்கத்தில் எத்தனை நொடி இருந்தார்கள் என்று பார்ப்பதே அம்மாவின் தொழில். அந்தப் பத்தியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்கும். அவர் கோப்பைத் திறந்த தேதியும் அதில் இருந்தது. என்னிடம் "படிச்சியாடா" என்று கேட்டதற்கு முதல் நாள்.

தெரிந்துதான் கேட்டார். நான் சொல்வேன் என்று இடம் கொடுத்திருக்கிறார்.

ஆய்விதழுக்கு எழுதினேன். திருத்த அறிவிப்பை மாற்ற அதை எழுதிய ஆசிரியரின் ஒப்புதல் தேவை என்று பதில் வந்தது. ஆசிரியர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். வருந்துகிறோம் என்றார்கள். ஆகவே இந்த மலர்தான் மிச்சம். துறைத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்களைப் பத்தி நானே எத்தனை பேர்கிட்ட, மேடம் கடைசில அசந்துட்டாங்கன்னு சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றார். பிறகு, "எழுதுங்க. ஒரு எழுத்து மாத்தாம போடறேன்."

அந்த இருநூறு வாக்கியங்களையும் படித்தேன், ஒவ்வொன்றாக. உடன்பாடு 0.37. 'கேட்டேன்' ஒன்றில் மட்டுமல்ல, என் பட்டியலின் மற்றச் சொற்களிலும் பிழை இருந்தது. இதைத் திருத்தமாகவே பதிவு செய்கிறேன். முதல் கட்டுரையின் இரண்டாம் வாசகர் நான். நான் வாசிக்கவில்லை. 0.91 என்பது நான் உண்டாக்கிய எண். கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியருக்கு அது தெரியாது.

லிஃப்ட்காரரைப் போய்ப் பார்த்தேன். இப்போது பட்டம் வாங்கிவிட்டார், வேலை அதேதான். கூட்டமில்லாத முற்பகல். முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்தார்.

"மேடம் பையனா? வாங்க தம்பி. எந்த மாடி?"

"மாடிக்கு இல்லைங்க. உங்களைப் பாக்கத்தான்."

அவர் கதவைச் சாத்திவிட்டு பத்தாவது மாடிக்கு அழுத்தினார். ஆள் ஏறிய பிறகு லிஃப்ட்டை நிறுத்தி வைக்க அவருக்கு அனுமதி இல்லையாம். ஏறும்போது சொல்லி முடித்தேன். ஐந்தாறு வாக்கியம்தான்.

"அப்ப மேடம் மேல தப்பே இல்லையா?"

"இல்ல."

"அவங்க எனக்குப் போன் பண்ணி மன்னிப்பு கேட்டாங்க தம்பி. ஒரு மணி நேரம். என்னால உங்களுக்கு ஒரு வருஷம் போச்சுன்னு அழுதாங்க. நான்தான் அழாதீங்க மேடம், அழாதீங்கன்னு சொல்லிட்டிருந்தேன். எனக்கு அது ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவ்ளோ படிச்சவங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்து ரூம்ல."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. கோப்புகளோடு இரண்டு பேர் ஏறினார்கள். மூன்று என்றார் ஒருவர், கீழே என்றார் மற்றவர். அவர் அழுத்தினார். இறங்கும்வரை அவர் என் பக்கம் பார்க்கவில்லை. தரைத்தளத்தில் எல்லோருக்கும் சேர்த்து, "பாத்து இறங்குங்க" என்றார்.